சாக்கே ஊற்றி வேகவைத்த சிப்பி

மத்தோயா விரிகுடா
ஜூலை 9, 2013

மதிப்பிற்குரிய ஷுன்சாகு அவர்களுக்கு,

மழை இன்னும் விட்டபாடில்லை. நீங்கள் கேட்ட கருஞ்சிப்பியை அனுப்பிவிட்டேன். நாங்கள் ஆளிச் சிப்பி வளர்க்கும் கயிறுகளில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும் சனியன் அது. சுரண்டி எறிவதைப் போய் மருந்து ஆராய்ச்சிக்கு என்று கேட்கிறீர்களே! இந்தப் புழுக்கத்தில் பச்சைச் சிப்பியை ஒருவருக்கு அனுப்புவது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. அதனால் நல்ல அரிசி மதுவாகப் பார்த்து, சாக்கே ஊற்றி வேகவைத்து, ஐஸ் வைத்துக் கட்டியிருக்கிறேன்.

வசந்தத்தில் என்னை மணக்கக் கேட்டீர்கள். கணவர் போய் வருடங்கள் ஆகியும் எனக்கு மனம் துணியவில்லை. அவருடைய அக்காவோ, "ஏண்டி, அந்த மனுஷன் சிப்பிக்காகவா இம்புட்டு தூரம் வந்து போறாரு?" என்று தினமும் வம்புக்கு இழுக்கிறார்.

ஃபுமியே ஹமாகுச்சி

யோகோஹாமா
ஜூலை 14

அன்புள்ள ஃபுமியே,

பெட்டியைத் திறந்ததும் ஆய்வகமே மணத்தது. நாங்கள் தேடும் புரதம் பச்சைச் சிப்பியில்தான் வேலை செய்யும். வெந்தால் முட்டை வெள்ளைபோல இறுகிவிடும். தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். என் மாணவி தோமோகோ, "ஆராய்ச்சிதான் போச்சு சார், சாப்பாடாவது மிஞ்சட்டுமே" என்று பெட்டியைச் சாப்பாட்டு அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஓடுகள்தான் திரும்பி வந்தன.

அடுத்த முறை உயிரோடு, ஈரத்துணியில் சுற்றி அனுப்புங்கள். என் கேள்விக்கு அவசரமில்லை. பொய், அவசரம்தான்.

ஷுன்சாகு

மத்தோயா
ஜூலை 20

ஷுன்சாகு அவர்களுக்கு,

வெட்கத்தில் இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. இதோ, உயிரோடு அனுப்புகிறேன்.

ஒன்று கேட்கிறேன். என் கணவர் ரத்தப் புற்றுநோயில் போனது உங்களுக்குத் தெரியும். இந்தச் சிப்பி அவரைக் காப்பாற்றியிருக்குமா? பூசி மெழுகாதீர்கள். கடைசி நாள்வரை எல்லோரும் என்னிடம் இனிக்க இனிக்கத்தான் பேசினார்கள். அதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஃபுமியே

யோகோஹாமா
ஆகஸ்ட் 8

அன்புள்ள ஃபுமியே,

நம் உடம்பின் செல்கள்மேல் சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. சிலவகை ரத்தப் புற்றுநோய்ச் செல்களில் அந்தச் சங்கிலி வேறு மாதிரி இருக்கும். உங்கள் சிப்பியின் புரதம் அதை மட்டும் தேடிப் பிடித்தது. பிடிபட்ட செல்கள் செத்தன, மற்றவை பிழைத்தன. தோமோகோ குதித்தே விட்டாள்.

ஆனால் இது கண்ணாடிக் கிண்ணத்தில் நடந்தது. மனித உடம்புக்கு இன்னும் வெகுதூரம். உங்கள் கணவரைக் காப்பாற்றியிருக்குமா என்றால், இல்லை. இதை எழுதினால் உங்களை இழந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஆனாலும் உங்களிடம் வேறு மாதிரி எழுத மனம் வரவில்லை.

ஷுன்சாகு

மத்தோயா
ஆகஸ்ட் 16

அன்புள்ள ஷுன்சாகு,

இறந்தவர்கள் வீட்டுக்கு வந்துபோகும் ஓபோன் நாட்கள் இன்றோடு முடிகின்றன. விளக்கேற்றி, அவர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து உங்கள் கடிதத்தை உரக்கப் படித்தேன். "இல்லை" என்ற இடத்தில் அழுகை வந்தது. அழுது முடித்ததும் நன்றாகப் பசித்தது. நாத்தனார் சோறு போட்டுக்கொண்டே, "உள்ளதைச் சொல்ற ஆளுடி. விட்டுடாதே" என்றார்.

விடவில்லை. ஆனால் கயிறுகளை விட்டு யோகோஹாமாவுக்கு நான் வரமாட்டேன். வரும் வசந்தத்தில் கல்லூரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நீங்கள் இங்கே வந்துவிடுங்கள். சிப்பியை இனி நீங்களே சுரண்டுங்கள். பாதியைப் பச்சையாகத் தோமோகோவுக்கு அனுப்பலாம். மீதியை நமக்கு நான் வேகவைக்கிறேன்.

உங்கள்
ஃபுமியே