‘ஏழு பாகம்’ நூலை நாவல் அலமாரியிலிருந்து எடுக்கக் கோரி

அனுப்புநர்
ம. அக்னஸ், பி.ஏ., (வயது 44)
பள்ளி எழுத்தர்,
காட்டூர், திருச்சிராப்பள்ளி – 19.

பெறுநர்
உயர்திரு. தனி அலுவலர் அவர்கள்,
காவிரித் தீவு நூலக மன்றம்,
ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி – 6.

பொருள்: ‘ஏழு பாகம்’ என்னும் என் வாழ்க்கை வரலாற்று நூல் மன்ற நூலகத்தில் நாவல் எனப் பதியப்பட்டிருப்பது – அச்சாகவிருக்கும் நூற்பட்டியலில் திருத்தம் கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. எனது கடிதம், நாள் 3.3.1986.
2. மன்றச் செயலாளர் அவர்களின் பதில், நாள் 21.5.1986.

மதிப்பிற்குரிய ஐயா,

மன்றத்தின் பொறுப்பைத் தாங்கள் ஏற்று மூன்று வாரமே ஆகிறது என்பதை அறிவேன். முந்தைய குழு விட்டுச்சென்ற கோப்புகளில் என்னுடையது மிகச் சிறியதாக இருக்கும். ஆயினும் செப்டம்பர் முதல் தேதி நூற்பட்டியல் அச்சுக்குப் போகிறது என்று கேள்விப்பட்டதால் காத்திருக்க இயலாமல் இதை எழுதுகிறேன்.

1. நான் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் அந்தோணிமுனை என்னும் ஊரில் பிறந்தவள். திருச்சியில் கல்லூரியில் படித்துப் பொருளாதாரத்தில் பட்டம் பெற்றேன். 1969 ஜூன் முதல் 1981 ஏப்ரல் வரை எங்கள் குடும்பத்து விசைப்படகின் தண்டலாக இருந்தேன். படகை ஓட்டி, எங்கே வலை இறக்குவது, எப்போது திரும்புவது என்று முடிவு செய்து, ஏறிய ஆட்களை உயிரோடு கரை சேர்ப்பவரை எங்கள் ஊரில் தண்டல் என்பார்கள். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளைப் பற்றியதே என் நூல். ஸ்ரீரங்கத்தில் அச்சகம் வைத்திருக்கும் திரு. சாரங்கபாணி அவர்கள் 1984இல் அதை வெளியிட்டார்.

2. இவ்வாண்டு ஜனவரியில் சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து பஸ் ஏறி மன்ற நூலகத்துக்கு வந்தேன். என் நூல் வாங்கப்பட்டிருப்பதாகச் சாரங்கபாணி அவர்கள் சொல்லியிருந்தார். அதை அலமாரியில் பார்க்கும் ஆசை எனக்கிருந்தது. வாழ்க்கை வரலாற்று அலமாரியில் தேடினேன், இல்லை. மீன்வளம், தொழில் என்று எழுதிய அலமாரியிலும் இல்லை. கடைசியில் உதவியாளர் ஒருவர் நாவல் வரிசையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். முதல் பக்கத்தில் ஊதா மையில் ‘நாவல்’ என்று முத்திரை இருந்தது. கடைசிப் பக்கத்தில் யாரோ ஒரு வாசகர் பென்சிலால் எழுதியிருந்தார்: ‘நல்ல கற்பனை. ஆனால் நம்பும்படி இல்லை.’

3. அன்றே அப்போதைய செயலாளர் திரு. அழகியமணவாளன் அவர்களைச் சந்தித்தேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். என்னை உட்காரச் சொல்லி, காபி வரவழைத்துக் கொடுத்தார். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. பிறகு சொன்னார்: “கடலை அப்படியே கண்ணு முன்னாடி கொண்டு வந்துட்டேள். நாவல்னு சொன்னா அதுல என்னம்மா குறைச்சல்? இவ்வளவு கற்பனை எல்லாருக்கும் வாய்க்குமா?”

ஈயக்குண்டின் அடியில் சோப்பைத் தடவிக் கயிற்றில் இறக்கி, அதில் ஒட்டி வரும் சேற்றை முகர்ந்து பார்த்து, படகு எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்வதை மூன்றாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன். இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்; ஏழு பாக ஆழத்தில் கிடைக்கும் கருஞ்சேற்றுக்கு ஒரு வாசனை உண்டு. அந்தச் சேறு என் நகக்கண்ணில் பன்னிரண்டு ஆண்டு இருந்தது. அவர் மிகவும் ரசித்த கற்பனை அதுதானாம்.

4. நான் எழுத்துமூலம் முறையிட்டேன் (பார்வை 1). செயலாளர் அவர்கள் அலட்சியமாக இருந்துவிட்டார் என்று சொல்ல மாட்டேன். அந்தோணிமுனைப் படகுத்துறை அலுவலகத்துக்கே எழுதிக் கேட்டிருக்கிறார். கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகும் டோக்கன் வாங்கும்போது அங்கே ஒரு பதிவேட்டில் தண்டல் பெயரும் ஆட்களின் பெயரும் எழுத வேண்டும். அப்பதிவேட்டின் ஒன்பது பக்கங்கள் ஜெராக்ஸ் நகலாக வந்தன. எங்கள் படகுக்கு எதிரே எல்லாப் பக்கங்களிலும் ‘தண்டல்: ம. இருதயநாதன்’ என்றுதான் இருக்கிறது. அவர் என் உடன்பிறந்த தம்பி. எனவே நூல் கற்பனையே என்று குழு முடிவு செய்தது (பார்வை 2).

5. ஐயா, அந்தப் பதிவேட்டில் இருப்பது பொய். அந்தப் பொய்யை எழுதியது நான்.

1969இல் என் தந்தைக்குப் பக்கவாதம் வந்தது. படகு வாங்கி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. தம்பிக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. கரை கண்ணில் இருக்கும்போதே வாந்தி எடுப்பார். பன்னிரண்டு ஆண்டில் மூன்று முறைதான் படகில் ஏறினார். கல்லூரி விடுமுறைகளில் அப்பாவின் பழைய வள்ளத்தில் ஊர் கண்ணில் படாமல் போய்வந்ததில் எனக்குத் தடம் தெரியும். ஆகவே நான் போனேன். எங்கள் கரையில் பெண் மீன் காயவைக்கலாம், விற்கலாம், வலையைக்கூட முடையலாம். படகில் கால் வைக்கக் கூடாது. முதல் நாள் டோக்கன் கொடுத்த எழுத்தர் என் முகத்தைப் பார்க்காமல், “பொம்பள பேரு இதுல ஏறினா மத்த படகு எதுவும் இன்னைக்குப் போகாது. தம்பி பேர எழுதிட்டுப் போங்க” என்றார். படகில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பேனாவை என் கையில் கொடுத்தார். எழுதினேன்.

ஒருநாள் விட்டு ஒருநாள், சுமார் ஆயிரத்து எழுநூறு முறை எழுதினேன். முதல் மாதம் கை கூசியது. பிறகு பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஊருக்கே தெரியும், நோட்டுக்கு மட்டும் தெரியாமல் இருந்தால் என்ன என்று அப்போது நினைத்தேன். ஊர் மறந்துவிடும், நோட்டு மறக்காது என்று பட்டம் வாங்கிய எனக்குத் தோன்றவில்லை.

6. நம்பத்தகாதது என்று குழு குறிப்பாகச் சுட்டியிருப்பது எட்டாம் அத்தியாயம். 1977 நவம்பர் புயலில் நாங்கள் ஐந்து பேர் ஒரு மணல் திட்டின் மறைவில் நங்கூரம் போட்டு, இன்ஜினையும் நிறுத்தாமல், இரண்டு நாள் கிடந்தோம். கரையில் காணாமற்போனவர் பட்டியல் எடுத்தார்கள். பதிவேட்டைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். அதன்படி காணாமற்போனவர் என் தம்பி. அவரோ அலுவலக வாசலில் என் பெயரைச் சொல்லி அழுதுகொண்டு நின்றார். பதிவேடு தப்பாகிவிடும் என்று பயந்த அதே எழுத்தர் அவரைத் தனியே அழைத்து, “தம்பி, நீங்க கடல்ல காணாமப் போயிருக்கீங்க. படகு வர்ற வரைக்கும் வீட்ட விட்டு வெளிய வராதீங்க” என்று அனுப்பிவிட்டார். தம்பியும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். என் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. நான் போகவே இல்லையே, எப்படிக் காணாமற்போக முடியும்?

மூன்றாம் நாள் படகைக் கரைக்குக் கொண்டுவந்தேன். கோயிலில் நன்றிப் பூசை வைத்தார்கள். மாலை தம்பிக்கு விழுந்தது. கழுத்தை நீட்டும்போது அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

அதே வாரத்தில் ஸ்ரீரங்கத்துத் தெருக்களில் வெள்ளம் வந்ததையும், தம் குடும்பத்தோடு இரண்டு நாள் மொட்டை மாடியில் இருந்ததையும் செயலாளர் அவர்கள் என்னிடம் விவரித்தார். நான் நம்பினேன். சாட்சி கேட்கவில்லை.

7. சாட்சி பற்றியும் சொல்ல வேண்டும். என்னோடு பன்னிரண்டு ஆண்டும் வலை இழுத்த மீரான் அண்ணன் தம் கைநாட்டு வைத்து ஒரு வாக்குமூலம் அனுப்பினார். படிக்கத் தெரியாதவரின் சாட்சியம் ஒரு நூலைப் பற்றிச் செல்லாது என்று குழு அதைத் திருப்பிவிட்டது. அவர் சாட்சி சொன்னது நூலைப் பற்றியல்ல, படகைப் பற்றி. மற்ற ஆட்கள் எழுதித் தரத் தயங்குகிறார்கள். அவர்கள் எல்லாரும் உறுப்பினராக உள்ள மீனவர் சங்கத்துக்கு இன்று தலைவர் என் தம்பி. பன்னிரண்டு ஆண்டுக் கடல் அனுபவம் உள்ளவர் என்பதால் அப்பதவி அவருக்குக் கிடைத்தது.

8. தம்பியிடமிருந்து ஒரு கடிதம் பெற்றுவந்தால் மறுபரிசீலனை செய்வதாகச் செயலாளர் அவர்கள் சொன்னதால், கடந்த ஜூனில் ரயிலேறிப் போனேன். தம்பி என்னை நன்றாகவே கவனித்தார். சாப்பிட வைத்தார். கடிதம் பற்றிக் கேட்டதும் பேச்சை மாற்றினார். ஸ்டேஷனுக்கு உடன் வந்து, வண்டி கிளம்பும் நேரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “அக்கா, உனக்குப் புஸ்தகம் இருக்கு. எனக்கு அந்த நோட்டு ஒண்ணுதான் இருக்கு.”

மானாமதுரை தாண்டும்வரை அவர்மேல் கோபமாக இருந்தேன். பிறகு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. 1981இல் அப்பா இறந்ததும் தம்பி படகை விற்றபோதும் இப்படித்தான் இருந்தது. எந்தத் தாளிலும் என் பெயர் இல்லாததால் என் கையெழுத்தும் தேவைப்படவில்லை. நூலின் அட்டையில் சுக்கான் பிடித்திருப்பவர் தலைப்பாகை கட்டிய ஓர் ஆண். அச்சகத்தில் அந்தப் படத்துக்குத்தான் அச்சு பிளாக் தயாராக இருந்தது என்று சாரங்கபாணி அவர்கள் வருத்தத்தோடு சொன்னார். பரவாயில்லை என்றேன். பரவாயில்லை என்று நான் சொன்ன இடங்களை எல்லாம் வரிசையாகச் சேர்த்தால் இந்த ‘நாவல்’ முத்திரையில் வந்து நிற்கிறது.

9. என் தம்பியின் பதவிக்கு இம்மனுவால் எந்தக் கெடுதலும் வரக் கூடாது என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இதன் நகலை வேறு எங்கும் நான் அனுப்பவில்லை. படகுத்துறைப் பதிவேட்டைத் திருத்தும்படியும் கேட்கவில்லை. நான் கேட்பது ஒரு நூல் ஓர் அலமாரியிலிருந்து எதிர்வரிசைக்குப் போக வேண்டும் என்பதே. மன்றத்தின் பட்டியலைப் பார்த்துத்தான் சுற்றியுள்ள வாசகசாலைகள் நூல்களை அடுக்குகின்றன. மண்ணச்சநல்லூரில் ஏற்கெனவே அடுக்கிவிட்டார்கள், போய்ப் பார்த்தேன். அச்சான பிறகு திருத்த இயலாது. நான் வாழ்ந்த பன்னிரண்டு ஆண்டுகளும் நான் இட்டுக்கட்டியவையாக நின்றுவிடும்.

10. ஆதாரம் இல்லை என்பது குழுவின் முடிவு. ஆதாரம் தங்கள் கோப்பிலேயே இருக்கிறது, ஐயா. அந்த ஒன்பது ஜெராக்ஸ் பக்கங்களையும் எடுத்து, இம்மனுவை அருகில் வைத்துப் பார்க்குமாறு வேண்டுகிறேன். நான் வேலை பார்க்கும் பள்ளியில் தட்டச்சுப் பொறி இருக்கிறது. மனுக்களைத் தட்டச்சு செய்து தருவதே என் வேலை. இதை மட்டும் கையால் எழுதியிருப்பதன் காரணம் இதுதான். 1977 நவம்பர் பக்கத்தையும் பாருங்கள். கடலுக்குப் போனதாகச் சொல்லப்படும் மனிதரின் பெயர் யாருடைய கையால் எழுதப்பட்டிருக்கிறது என்று தெரியும். டோக்கன் வாங்கி, எழுதி முடித்து, நேரே படகுக்கு நடந்த கை அது. கரையில் நின்றவர் எழுதியதல்ல.

ஒப்பிட்டுப் பார்த்தபின், நூற்பட்டியல் அச்சேறும் முன் ‘ஏழு பாகம்’ நூலை வாழ்க்கை வரலாறு என மாற்றிப் பதிய ஆணையிடுமாறும், அந்த ஊதா முத்திரையின் மீது ஒரு கோடாவது போடச் செய்யுமாறும் வேண்டுகிறேன். பென்சில் குறிப்பை அழிக்க வேண்டாம். அந்த வாசகர் எதை நம்பச் சொன்னார்களோ அதை நம்பினார்.

தங்கள் வசதிக்காக, பதிவேட்டில் எழுதிய அதே வரியைக் கடைசியாக ஒருமுறை எழுதித் தருகிறேன். இனி எழுத மாட்டேன்.

தண்டல்: ம. இருதயநாதன்

இடம்: காட்டூர், திருச்சிராப்பள்ளி
நாள்: 11.8.1986

மேலே உள்ள வரியை எழுதியவரும் படகை ஓட்டியவரும்,
ம. அக்னஸ்

இணைப்பு:
1. ‘ஏழு பாகம்’ – ஒரு பிரதி.
2. திரு. மீரான் அவர்களின் கைநாட்டு வாக்குமூலம் (திருப்பி அனுப்பப்பட்டது, மீண்டும் இணைக்கப்பட்டுள்ளது).