கொடியோடு திரும்பி ஓடியவள்

தலைக்கோட்டை நாட்டின் மலைகளுக்கும் ஆறுகளுக்கும் உரிய வேந்தன் கொற்றவேலன், ஆழித்திட்டின் அரசியும் அலைகடல் காவலருமாகிய நீலவேணி நாச்சியாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் துறையில் வலைகள் நிறைக. தங்கள் கிணறுகளில் உப்பு ஏறாதிருக்க. தங்கள் குடி தழைக்க.

எம் தலைநகரில் நிகழ்ந்த பன்னாட்டு விளையாட்டுப் பெருவிழாவுக்குத் தாங்கள் அனுப்பிய மூவரும் நலம். மூவர் மட்டும்தானா என்று எம் அமைச்சர் சிலர் நகைத்தனர். எங்கள் ஓடத்தில் ஏறக்கூடியவர் அவ்வளவுபேர்தான் என்று எம் அவையில் இருக்கும் தங்கள் தூதர் விடை பகர்ந்தார், அதன்பின் எவரும் நகைக்கவில்லை. மல்லர் முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வினார். துடுப்பு வீரரோ, எம் ஏரியில் அலையே இல்லையே என்று திகைத்துப்போய்க் கடைசியாகக் கரை சேர்ந்தார். தொடர்ந்து மூன்று விழாக்களில் வெற்றி காணாத நாடு அணிவகுப்பில் தன் பெயரை இழக்கும் என்பது பழைய விதி. முன்னிரு விழாக்களிலும் வெல்லாத ஆழித்திட்டுக்கு இது மூன்றாம் விழா. ஆகவே எஞ்சியிருந்த ஓட்டக்காரி உமரியின் கால்களில்தான் தங்கள் நாட்டின் பெயர் நின்றது. அது அவளுக்கும் தெரியும். அன்று காலை அவள் சோற்றைத் தொடவே இல்லை என்று மடைப்பள்ளியார் சொன்னார்கள்.

எல்லைக் கம்பத்தில் கட்டிய செங்கொடியை முதலில் எடுத்து, அங்கேயே நின்று உயர்த்திக் காட்டுபவர் வென்றவர் என்பது எம் களத்தின் முறை. உமரி ஓடிய ஓட்டத்தை என்னென்பது! குதிரையையே முந்துவான் என்று யாம் பெருமை பேசிய எம் நாட்டு மருதன், அவள் கிளப்பிய புழுதியைத் தின்றுகொண்டு பின்னால் வந்தான். அவள் கொடியை எடுத்தாள். எடுத்தவள் நின்றாளா? கொடியைப் பிடித்தபடியே திரும்பி, எதிரே வந்தவர்களின் ஊடே புகுந்து, புறப்பட்ட இடத்துக்கே பறந்தாள். கொடியில்லாத கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மருதன் திருதிருவென விழித்தான்.

கம்பத்தடியில் கொடி உயராமையால் உமரி வென்றவள் அல்லள் என்றும், மாலை மருதனுக்கே உரியது என்றும் களத்தலைவர் ஆதனார் உரைத்தார். அவளை அழைத்து, ஏன் திரும்பினாய் என்று வினவினோம். அவள் சொன்னதை அவள் மொழியிலேயே பொறிக்குமாறு எழுத்தரைப் பணித்துள்ளோம்: “எங்க திட்டுல எந்தப் பக்கம் ஓடுனாலும் கடல்தான் சாமி வரும். திரும்பி வந்தாத்தான ஓட்டம் முடிஞ்சுது? அங்கனயே நிக்கணும்னு எனக்குத் தெரியாது. தப்பு என்னோடது. எங்க ஊருப் பேர மட்டும் எடுத்துராதீக.”

எம் நாட்டானுக்கு மாலை விழவேண்டும் என்ற ஆசை எமக்கும் இருந்தது, மறைப்பானேன். ஆயினும் கொடியை முதலில் எடுத்தவள் அவள். பிறர் ஒரு மடங்கு ஓடிக் களைத்த களத்தில் இரு மடங்கு ஓடியவளைப் பார்த்து, நீ தோற்றாய் என்று சொல்ல எமக்கு நா எழவில்லை. மாலை உமரிக்கே என்று தீர்ப்பளித்தோம். ஆழித்திட்டின் பெயர் அணிவகுப்பில் நிலைத்தது.

எம் கட்டியக்காரன் பூதன் தங்கள் நாட்டின் பெயரை உரக்க முழங்கினான். திரண்டிருந்தோர் எழுப்பிய ஆரவாரத்தில் உமரியின் காதில் மட்டும் அது விழவில்லை. என்ன பரிசு வேண்டும் என்று யாம் கேட்டபோது, அந்தப் பெயரை இன்னொரு முறை சொல்லச் செய்யவேண்டும் என்று இரந்தாள். அரங்கு முழுவதையும் அடக்கி, மீண்டும் முழங்கச் செய்தோம். அவள் முகத்தை மூடிக்கொண்டு விம்மி அழுதாள். எம் கண்ணும் கலங்கிற்று.

ஆகவே எம் களிற்று இலச்சினை இட்டு ஆணையிடுகிறோம்: உமரி ஏறும் கப்பலிலேயே பூதனும் வருவான். தங்கள் கரையில் நின்று, எம் களத்தில் முழங்கிய அதே குரலில் ஆழித்திட்டின் பெயரை அவன் முழங்குவான். அன்றைய ஆரவாரத்தை மட்டும் கப்பலில் ஏற்றி அனுப்ப எம்மால் இயலாது. அதைத் தங்கள் குடிகளே எழுப்புக.