பச்சைக்குத் திரும்பிய உன் கார்

என் எஸ்தருக்கு,

உன் காரை விற்கவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் பிறகு.

மஸ்கட்டில் அத்தனை வருடம் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு, ஊர் திரும்பும்போது நகை வாங்காமல் ஒரு பழைய ஜப்பான் காரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தவள் நீ. இடது பக்கம் ஸ்டியரிங் வைத்த அந்தக் காரை நீ ஓட்டிப் போனால், மில் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பார்கள். நான் உன் பக்கத்தில் பயந்துகொண்டே உட்கார்ந்திருப்பேன். நீ போன பிறகுதான் ஓட்டப் பழகினேன். ஆனாலும் யாரையும் ஏற்றிக்கொள்ளத் துணிவு வரவில்லை.

வேகம் காட்டும் முள்ளுக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம் உண்டே, பச்சையாக இருக்குமே, அது இந்தக் கோடையில் மஞ்சளாகி, பிறகு சிவப்பாகிவிட்டது. பட்டாளத்தில் லாரி ஓட்டிய உன் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். என்ஜின் ஆயில் மாற்றச் சொல்கிறது என்றார். கடையில் விட வேண்டாம், நாமே செய்துவிடலாம் என்றும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்ததும் வீட்டு வாசலிலேயே ஆரம்பித்தோம். முன் சக்கரங்களைக் கனமான கட்டைகளின் மேல் ஏற்றி, அடியில் படுத்து நட்டைக் கழற்றினால், தார் மாதிரி கொட்டியது பழைய ஆயில். மதுரையிலிருந்து வாங்கி வந்த புது ஃபில்டரைப் பொருத்தி, புது ஆயிலை ஊற்றினோம். உன் அண்ணன் முகமெல்லாம் கறுப்பு. நீ போன பிறகு அன்றுதான் நாங்கள் வாய்விட்டுச் சிரித்தோம்.

வண்டியைக் கிளப்பினால் சத்தம் அவ்வளவு மெதுவாக இருந்தது. சிவப்பு மட்டும் போகவில்லை. பக்கத்து ஊர் தேவதானம் வரை உன் அண்ணனே ஓட்டிப் பார்த்தார். அப்போதும் போகவில்லை.

"மச்சான், ஆயில் மாத்தியும் செவப்பு போகலன்னா உள்ள ஏதோ தேஞ்சிருக்கு. வழியில நின்னுட்டா இந்த வண்டிச் சாமானுக்கு எங்க போவோம்?" என்றார் உன் அண்ணன். ஒரு மெக்கானிக்கிடம் காட்டினோம்; அவரும் என்ஜினைப் பிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூர் வியாபாரி ஒருவர், இருக்கிற நிலையிலேயே எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, சனிக்கிழமை வருவதாகச் சொன்னார். தலையாட்டிவிட்டேன்.

அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை எனக்கு. நீ ஆசையாகக் கொண்டுவந்ததை என் கையாலேயே கெடுத்துவிட்டேனோ? மகளிடம் எப்படிச் சொல்வேன்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டு போனுக்குத் தங்கம் பேசினாள். மஸ்கட்டில் உன்னோடு ஒரே அறையில் இருந்த அதே தங்கம்தான். எங்களை விசாரித்தாள். பேச்சோடு பேச்சாகக் காரைப் பற்றியும் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அண்ணே, அந்தக் கட்டம் ஓடுன தூரத்த மட்டுந்தான் எண்ணும். நீங்க ஆயில் மாத்துனது அதுக்கு எப்படித் தெரியும்? அந்தச் செவப்புக்குக் கீழ சின்னதா ஒரு துளை இருக்கும். சாவி நுனிய விட்டு அமுக்குங்க. எஸ்தர் அப்படித்தான் செய்வா."

செருப்புகூடப் போடாமல் தெருவைத் தாண்டி ஓடினேன். துளை இருந்தது. சாவியை விட்டு அமுக்கினேன். 'டக்' என்றது. சிவப்பு மறைந்து பச்சை வந்து நின்றது.

அப்படியே சீட்டில் சாய்ந்துவிட்டேன் எஸ்தர். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. உன் அண்ணன் வந்து குனிந்து வெகுநேரம் அதையே பார்த்தார். "இதுக்கா இம்புட்டுப் பயந்தோம்?" என்றார். ஒவ்வொரு தடவையும் நீ இப்படித்தான் அமுக்கினாயா? ஏன் எனக்குத் தோன்றவேயில்லை, உன்னிடம் ஒரு வார்த்தை கேட்க?

சனிக்கிழமை வந்த வியாபாரிக்குக் காபி கொடுத்து, மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்தேன். மறுநாள் நானே ஓட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். நம் ஜெனி அங்கேதான் மடவார் வளாகத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கி ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறாள். உன்னைப் போலவே நர்ஸ். வாசலில் காரைப் பார்த்ததும் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"செண்பகத்தோப்பு வரைக்கும் போய்ட்டு வருவோமாப்பா?"

போனோம். மலை நெருங்க நெருங்கக் குளிர்ந்த காற்று வந்தது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டு அவள் உன்னைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். அழாமல் பேசினாள் எஸ்தர். வழியெல்லாம் பேசினாள்.

இனிமேல் உன் கல்லறைக்கு நான் தனியாக நடந்து வரமாட்டேன். மகளையும் உன் அண்ணனையும் ஏற்றிக்கொண்டு, நானே ஓட்டி வருவேன்.

உன் வீட்டுக்காரன்,
ஜெனியின் அப்பா