லிஃப்டை நிறுத்திய மூவர் மீதும் கூட்டுச்சதி வழக்கு கோருதல்

அனுப்புநர்:
விஜயலக்ஷ்மி,
க/பெ. ஸ்ரீனிவாசராகவன் (காலமானார்),
நான்காம் மாடி, இரண்டாம் குறுக்குத் தெரு,
ராஜா அண்ணாமலைபுரம், சென்னை – 28.

பெறுநர்:
காவல் துணை ஆணையர் அவர்கள்,
சென்னை.

பொருள்: என் கணவரின் மரணத்தில் லிஃப்ட் மெக்கானிக் மீது மட்டும் வழக்குப் பதிந்து, ஏவியவர்களை விட்டுவிட்டது தொடர்பாக.

ஐயா,

1. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பை இடித்துக் கட்ட மற்ற எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். என் கணவர் இதய நோயாளி. இந்த வயதில் வீடு மாற முடியாது என்று நாங்கள் மட்டும் மறுத்தோம். சங்கச் செயலாளர் திரு. ராஜரத்தினம், கட்டுமான நிறுவனத்தின் திரு. பரத்வாஜை அழைத்துக்கொண்டு வந்தார். "கையெழுத்து போடலன்னா மேலயே இருங்க மாமி" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரமே லிஃப்ட் நின்றது. கேட்டபோதெல்லாம் உதிரி பாகம் வரவில்லை என்றார்கள்.

2. ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை என் கணவருக்கு மூச்சுத் திணறியது. ஆம்புலன்ஸ் ஊழியர்கள் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துப் படிவழியே தூக்கிச் சென்றார்கள். பாதி வழியில் என் புடவைத் தலைப்பைப் பிடித்து, "போறும், ஆத்துக்கே திரும்பிடலாம்" என்றார். கீழே போய்ச் சேருமுன் உயிர் பிரிந்துவிட்டது.

3. அன்று மாலை அவர் உடலை மேலே கொண்டுவந்தது அதே லிஃப்ட்தான். எந்த உதிரி பாகமும் மாற்றப்படவில்லை. மெக்கானிக் ராம்குமார் என்னிடம் அழுதார்: "சுவிட்ச தாம்மா ஆஃப் பண்ணி வச்சேன். செகரட்டரி சொன்னாரு, பில்டர் ஆளும் கூட நின்னாரு. சாருக்கு ஹார்ட் பிராப்ளம் கீதுன்னேன். அப்பத்தான் சீக்கிரம் கையெழுத்து போடுவாங்கன்னாங்க."

4. இதைக் காவல் ஆய்வாளரிடம் சொன்னேன். நான் நின்றுகொண்டிருந்தேன்; திரு. ராஜரத்தினம் ஆய்வாளர் எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "அவங்க சதி பண்ணத நீங்க பாத்தீங்களாம்மா? கொலை பண்ண யாரும் பிளான் போடலையே" என்று ஆய்வாளர் என்னைத் திருப்பி அனுப்பினார். சாட்சி வைத்துக்கொண்டு யார் சதி செய்வார்கள்? பாரதிய நியாய சன்ஹிதாவின் 61-ஆம் பிரிவு கேட்பது குற்றம் செய்ய ஒப்புக்கொண்டார்களா என்பதைத்தான். அதைச் சூழ்நிலைகளைக் கொண்டே நிரூபிக்கலாம் என்பது ஆய்வாளருக்குத் தெரியாததல்ல. கொல்லத் திட்டமிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு நோயாளியை முடக்கிப்போட்டு மிரட்டிக் கையெழுத்து வாங்க மூவரும் சேர்ந்தார்கள். என்ன நேரும் என்று தெரிந்தேதான் சேர்ந்தார்கள்.

5. இப்போது திரு. பரத்வாஜ், ராம்குமாரின் மனைவி ஷீலாவுக்கு வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்வருகிறார். ராம்குமார் வாக்கை மாற்றுமுன் மாஜிஸ்திரேட் முன்னிலையில் அவரது வாக்குமூலத்தைப் பதிவு செய்ய வேண்டும். அவரை அப்ரூவராக ஏற்றாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் நான் அவரை மன்னிக்கவில்லை.

6. நேற்று திரு. ராஜரத்தினம் துக்கம் விசாரிக்க வந்தார். "இனிமே தனியா எதுக்கு மாமி?" என்று ஒப்பந்தத்தை மேசைமேல் வைத்தார். அவரை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

எனவே, வழக்கில் கூட்டுச்சதிப் பிரிவைச் சேர்த்து, மற்ற இருவரையும் கைது செய்து, விசாரணையை வேறு அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டுகிறேன். தவறினால் நீதிமன்றம் செல்வேன். தங்கள் ஆய்வாளர் என்னிடம் கேட்ட கேள்வியை அங்கே நீதிபதி முன்னால் கேட்கட்டும்.

இம்மனுவின் ஒவ்வொரு சொல்லுக்கும் பொறுப்பேற்கும்,

(ஒப்பம்)
விஜயலக்ஷ்மி

இடம்: சென்னை
நாள்: 18.09.2025