'கதையில்' என்று சொல்லாதவர்கள்

இராஜபாளையம்
வியாழக்கிழமை

அன்புள்ள மாரிசெல்விக்கு,

மஸ்கட்டில் நீயும் அண்ணனும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே சுகமில்லை.

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூரில், நம் கூட்டத்துத் தவசிமுத்து வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில், தாளாளரின் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு நான் வாயே திறக்கவில்லை. 'ஐயா, நீங்கள் பார்த்த வீடியோ வெட்டி ஒட்டியது, வெட்டி எறிந்ததையும் கேட்டுவிட்டுப் பேசுங்கள்' என்று சொல்லவில்லை. 'இவரிடம் படித்த பிள்ளைகள் இயற்பியலில் வாங்கிய மார்க்கை நோட்டீஸ் அடித்து பஸ் ஸ்டாண்டு வரை ஒட்டினீர்களே, அப்போது இவருக்குப் புத்தி சரியாக இருந்ததா' என்று கேட்கவில்லை. துணைக்கு வா என்று கூப்பிட்ட தவசியே உள்ளே போகும் முன் என்னிடம் கெஞ்சியிருந்தான். "காளி, ஒனக்குக் கோவம் வந்தா எனக்கு வேல போயிரும். செத்த நேரம் வாய மூடிக்கிட்டு இரு, ஒனக்குப் புண்ணியமாப் போகும்" என்றான். இருந்தேன். பல்லைக் கடித்ததில் இன்னும் தாடை வலிக்கிறது.

ஃபோனில் சொன்னால் நீ என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய். எனக்குச் சமாதானம் வேண்டாம் என்பதால் எழுதி, படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

போன மாதம் ஒரு யூடியூப் நியூஸ் சேனலிலிருந்து நிருபர் ஒருவன் நம் கூட்டத்துக்கு வந்தான். நீகூட, "நம்ம கூட்டம் நியூஸ்ல வருதா ஏட்டி!" என்று வாய்ஸ் மெசேஜில் குதித்தாய். சின்ன ஊரில் அறிவியல் கதை படிக்கிறவர்கள் மாதம் ஒரு ஞாயிறு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடியில் கூடுகிறார்கள் என்பது நல்ல செய்தி என்று நாமும் நம்பினோம். நீ ஆரம்பித்த கூட்டம், உனக்கும் பெருமை.

வந்தவன் முதலில் கேட்டது, "டிரெஸ் ஒண்ணும் போட மாட்டீங்களா? ஏலியன் மாதிரி?" என்று. பேண்டேஜ் தறி ஓட்டுகிற சந்தனம் அண்ணனைத் தெரியுமே, சும்மா இருப்பாரா? "வண்டியில ஹெல்மெட் கெடக்கு தம்பி, மாட்டிக்கிட்டு வரவா?" என்று கேலி செய்தார். அவன் கேலியை எடுத்துக்கொள்ளவில்லை. "சூப்பர்ண்ணே, மாட்டுங்க" என்றான். அண்ணனும் சிரித்துக்கொண்டே மாட்டினார். பிறகு ஒவ்வொருவரிடமும், கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டான். எந்த எழுத்தாளரைப் பிடிக்கும் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. எனக்குக் கேமரா பிடிக்காது என்று சொல்லி நாற்காலியை ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

கூட்டத்துக்கு நீ போட்ட விதியை நாங்களே அவனிடம் பெருமையாக விளக்கினோம். கூட்டத்தில் பேசும்போது யாரும் 'கதையில்' என்று சொல்லக் கூடாது, எல்லாம் நடந்தது போலவே பேச வேண்டும், மறந்து சொல்லிவிட்டால் அன்றைய கூட்டக் குறிப்பை அவரே உட்கார்ந்து டைப் அடிக்க வேண்டும் என்று. "செம கான்செப்ட் மேடம்" என்றான். நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவனுக்கு எல்லாம் தெரியும், மாரி. தெரிந்துதான் செய்தான்.

அன்று எடுத்துக்கொண்டது தவசியே எழுதிய கதை. செவ்வாய்க் கிரகத்தில் மனிதர்கள் குடியேறிய ஊர் ஒன்று. நம் தெருக்களில் தண்ணீர் விடுவது போல அங்கே காற்றை முறை வைத்து விடுகிறார்கள். கேமரா ஓடியதால் எல்லாரும் விதியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டோம். "செவ்வாயில எங்க தெருவுக்கு நாலு நாளைக்கு ஒருக்கத்தான் காத்து வருது. பெரிய வீட்டுக்காரவ மோட்டார் போட்டு உறிஞ்சுதாவ" என்றான் தவசி. "கவுன்சிலர்ட்ட சொன்னீகளா?" என்று சந்தனம் அண்ணன் கேட்டார். "எங்க சொல்ல? அவிய வீட்டுக்குத் தனி லைன்லா போகுது!" என்றான். மாடியே அதிரச் சிரித்தோம். நிருபனோடு வந்து கேமரா பிடித்த பையனும் சிரித்துவிட்டான்.

வெளியானபோது அந்தச் சிரிப்பு இல்லை. கவுன்சிலர் இல்லை. தண்ணீர் இல்லை. "செவ்வாயில எங்க தெருவுக்கு" என்று தவசி சொல்வது மட்டும் இருந்தது, திரும்பத் திரும்ப, பேய்ப்பட இசையோடு. 'செவ்வாயில் வசிக்கும் ஆசிரியர்! மாணவர்கள் கதி என்ன?' என்று தலைப்பு. கேமராவில் கல்யாணம் ஆகவில்லை என்று சொன்ன ஒரே ஆளை மட்டும் காட்டிவிட்டு, குடும்பம், பொறுப்பு எதுவும் இல்லாதவர்கள் என்று ஒரு குரல் சொன்னது. தவசியின் மனைவி கிருபாபாய்க்கு இது ஏழாம் மாதம். ஹெல்மெட்டோடு சந்தனம் அண்ணன் வந்தார். ஓரத்தில் தெரிந்த என் முழங்கையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'முகத்தை மறைக்கும் மர்மப் பெண் யார்?' என்று கேட்டார்கள். கடைசியில் மனநல ஆலோசகர் என்று ஒருவர். எங்களைக் கண்ணால் பார்த்திராத மனிதர். நிஜத்தைச் சந்திக்கத் தைரியமில்லாதவர்கள் இப்படிக் கற்பனையில் ஒளிந்துகொள்வார்கள் என்றார்.

நிஜத்தை! நாலு நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீரைப் பற்றி அந்தச் சேனல் ஒரு செய்தி போட்டதுண்டா? நடிகரின் கட்-அவுட் மேல் ஏறிப் பால் ஊற்றுகிறவனை அவர்கள் 'ரசிகர்கள் உற்சாகம்' என்பார்கள். கிரிக்கெட்டுக்காக முகமெல்லாம் சாயம் பூசியவனிடம் பொறுப்பைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். அதே சேனலில் தினமும் காலையில் ஒருவர் உட்கார்ந்து செவ்வாய் எந்த வீட்டில் இருந்தால் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாது என்று சொல்கிறார். அதை நம்பித்தான் தளவாய்புரத்து மாப்பிள்ளை வீட்டார் என் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பினார்கள். செவ்வாய் என் கல்யாணத்தைத் தடுக்கிறது என்பவர் நிபுணர். செவ்வாயிலும் மனிதர்கள் குழாயடியில் சண்டைதான் போடுவார்கள் என்று எழுதியவன் பைத்தியம். படித்தவர்களும் இதை நம்புகிறார்கள், மாரி. வீடியோவை எனக்கு அனுப்பி, "இது ஒன் கையா?" என்று கேட்டது என் சொந்த அத்தை மகள்.

தாளாளர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நீங்க நல்ல வாத்தியார்தான் சார், இல்லன்னு யாரு சொன்னா? பேரண்ட்ஸ் கேக்காங்களே, நான் என்ன சொல்லட்டும்?" என்றார். தவசி கதையை முழுதாகச் சொல்லத் தொடங்கினான். கையை நீட்டி நிறுத்தி, "அந்தச் செவ்வாய இங்க கொண்டு வராதீக" என்றார். வெள்ளிக்கிழமை காலைக்குள் மூன்று வரி எழுதித் தர வேண்டுமாம். நான் பேசியது தவறு. அந்தக் கூட்டத்துக்கு இனிப் போக மாட்டேன். இது போன்ற புத்தகங்களை இனிப் படிக்க மாட்டேன். எழுதித் தந்தால் வேலை இருக்கும் என்றார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். "மொத ரெண்டையும் எழுதிருவேன் காளி. மூணாவத எப்படி எழுத? பிள்ளைகளுக்கு நானே படிங்கன்னு குடுத்த புஸ்தகம்லா அது" என்றான். பிறகு கிருபாபாய் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளைப் பற்றிப் பேசினான்.

நாளைதான் வெள்ளி. அவன் உன் பேச்சைக் கேட்பான். இன்றே ஒரு ஃபோன் போடு. எழுது என்றோ எழுதாதே என்றோ சொல்லாதே, அதைச் சொல்லும் உரிமை நம் இருவருக்கும் இல்லை. எதைச் செய்தாலும் அவன் நமக்கு அதே தவசிதான் என்று சொல். நான் சொன்னால் இரக்கம் என்று எடுத்துக்கொள்வான். இன்னொன்று, நீ போட்ட விதியால்தான் இது வந்தது என்று உட்கார்ந்து அழாதே. குழந்தையைப் பார். வெயிலில் கூட்டிக்கொண்டு அலையாதே. நீயாவது நிம்மதியாக இருக்க வேண்டும்.

என்றும் உன்
காளீஸ்வரி


சனிக்கிழமை

மாரிக்கு,

நீ பேசியதைத் தவசி சொன்னான். நேற்றுக் காலை மூன்று வரிகளையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். தாளாளர் வாங்கிக்கொண்டார். மதியம் அவனைக் கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம், வேறு ஆள் போட்டாயிற்று என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் அந்தச் சேனல் 'நமது செய்தி எதிரொலி' என்று புது வீடியோ போட்டது. அதில் தவசி எழுதிக் கொடுத்த மூன்று வரிகளையும் வாசித்துக் காட்டினார்கள்.

காளீஸ்வரி