நீர் நிற்கும் நேரம்

நாள் 1. காலை 07.10
ஆழம் 18 மீட்டர். நீரோட்டம் வினாடிக்கு 1.1 மீட்டர். நீர் நின்ற நேரம் 24 நிமிடம். காற்று பத்து நாளுக்கு.

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் மாரிக்கனி. கடலாற்றல் மதிப்பீட்டுப் பொறியாளர். கடல் உயர்ந்து எங்கள் கரையைப் பிளந்தபோது வடக்கிலும் தெற்கிலும் இரண்டு நீரிணைகள் உண்டாயின. தெற்கு நீரிணையின் அடியில், ஆட்டோ அளவுள்ள இரும்பு அறையில் உட்கார்ந்திருக்கிறேன். அஷ்டமியிலிருந்து பௌர்ணமி வரை எட்டு நாள் அளந்து, இங்கே எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் என்று சொல்வது என் வேலை.

ஏற்றம் வற்றமாக மாறும்போது நீர் சற்று நிற்கும். அப்போதுதான் படகு கொக்கியை இறக்கி அறையைத் தூக்க முடியும். அதற்குப் பன்னிரண்டு நிமிடம் வேண்டும்.

வயர்லெஸ்ஸில் பேசினால் கரையில் எல்லோருக்கும் கேட்கும். எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பிரச்சினை என்றால் மட்டும் கூப்பிடுகிறேன் என்று அனுமதி வாங்கியிருக்கிறேன்.

படகோட்டி சேசுராசன் அண்ணன்: “கடலுக்கு அடியில போயித்தான் பேசாம இருக்கணுமா தங்கச்சி? மேல இருந்தப்ப மட்டும் என்னத்தப் பேசுன?”

நாள் 4. காலை 09.30
நீரோட்டம் 1.5 மீட்டர். நின்ற நேரம் 19 நிமிடம்.

தலைமைப் பொறியாளர் தியாகேசன் சார்: “சோதனைக்கு வடக்கு மதகை இன்னைக்கே மூடுறோம்மா. தண்ணி பூரா உன் பக்கம் வரும். உனக்கு ஒண்ணும் சிரமமில்லையே?”

சொன்னேன்: “இல்லைங்க சார்.”

வடக்கை மூடினால் ஆற்றல் இரண்டரை மடங்காகும். இறங்கும் முன் நடந்த கூட்டத்தில் அதைக் காட்டியது என் முதல் தாள். நீர் நிற்கும் நேரம் பாதியாகும், பௌர்ணமிக்குப் பிறகும் நாலு நாள் பன்னிரண்டு நிமிடம் தேறாது என்பது இரண்டாம் தாள். “வேற ஏதாவது இருக்கா?” என்று கேட்டார்கள். எல்லோரும் எழுந்துகொண்டிருந்தார்கள். தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

நாள் 5. மாலை 04.15
2.1 மீட்டர். நின்ற நேரம் 11 நிமிடம்.

பன்னிரண்டுக்குக் கீழே போய்விட்டது. மூன்று முறை ஒத்திகை பார்த்துவிட்டு அழைத்தேன். பதில் இல்லை. மேலே வயர்லெஸ் மிதவைக்குப் போகும் கம்பிகளில், என் குரலை அனுப்பும் கம்பியை நீரோட்டம் அறுத்துவிட்டது. கேட்கும் கம்பி இருக்கிறது.

தியாகேசன் சார்: “பொண்ணு கூப்பிடவே இல்ல. அப்ப எல்லாம் சரியாத்தான் இருக்கு.”

நாள் 7. காலை 11.40
2.5 மீட்டர். நின்ற நேரம் 7 நிமிடம்.

ஸ்பேனரால் சுவரைத் தட்டுகிறேன், மூன்று மூன்றாக. உள்ளங்கை பிய்ந்துவிட்டது.

சேசுராசன் அண்ணன்: “சார், அடியில டொக்கு டொக்குன்னு கேக்கு.”
“கல்லு உருளுதுய்யா. இந்த வேகத்துக்கு உருளத்தான் செய்யும்.”

அதுவும் உண்மை. வெளியே கற்கள் வந்து மோதுகின்றன. என் தட்டல் எது, கல் எது என்று எனக்கே குழம்புகிறது.

நாள் 8. மதியம் 01.05
தூக்க வேண்டிய நாள். நின்ற நேரம் 6 நிமிடம். கொக்கி இறங்குவதைக் கண்ணாடி வழியே பார்த்தேன். ஒரு முழத்தில் வந்து, பக்கவாட்டில் பறந்து போனது. அதைப் பார்த்துக் கத்தினேன். இவ்வளவு சத்தம் என்னிடம் இருப்பது எனக்குத் தெரியாது.

தியாகேசன் சார்: “காத்து இன்னும் ரெண்டு நாளைக்கு இருக்கு. பௌர்ணமி தாண்டுனா தானா தணிஞ்சிரும். எதுக்கு அவசரம்?”

தணியாது. இரண்டாம் தாள் என் பையில் இருக்கிறது. பை கரையில், என் மேசைக்கு அடியில்.

நாள் 9. மதியம் 01.40
தட்டியதிலும் கத்தியதிலும் காற்று கூடுதலாகச் செலவாகிவிட்டது; மீதி 26 மணி நேரத்துக்குத்தான். வடக்கு மதகைத் திறந்து நீர் தணிய ஒரு நாள் ஆகும். இன்று திறந்தால் உண்டு. நாளை என்றால் இல்லை.

சேசுராசன் அண்ணன்: “எனக்கு மனசு சரியில்ல சார். இருவது வருசம் கடல்ல கெடக்கேன், இந்தத் தண்ணி தணியுற தண்ணியா தெரியல. ஏ தங்கச்சி, கேக்குதா? இஞ்சினை நிப்பாட்டிட்டுக் காதைப் பலகையில வைக்கேன். நல்லா இருந்தா மூணே மூணு தட்டு தட்டு. சத்தம் வரலைன்னா மதகைத் திறந்தே ஆகணும், ஆமா.”

தியாகேசன் சார்: “சரிய்யா. சத்தம் வரலைன்னா திறந்துடலாம்.”

பேசாமல் இருந்தால் போதும்.

ஸ்பேனரைத் துப்பட்டாவில் சுற்றி மடியில் வைத்தேன். கால்களை மடக்கிக்கொண்டேன். சுவரில் படாமல் எழுதுகிறேன். இருபத்து நாலு வருடம் பழகிய வேலை. இதை நான் தவறாகச் செய்ய முடியாது.

01.44. நீர் நின்றது. இஞ்சின் சத்தம் இல்லை. அண்ணன் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

01.48. ஒன்றுமில்லை. இன்னும் இரண்டு நிமிடம் கேட்பாராம்.

01.49. நீர் மறுபடி நகர்கிறது. இவ்வளவு சீக்கிரமா

இடது சுவரில் ஒரு கல்.

அண்ணே, அது நானில்லை

இன்னொன்று. வேண்டாம். வேண்

“தட்டிட்டா சார்! மூணு! எண்ணிட்டேன்! ஏ வாயாடி, உசுரே வந்துச்சு எனக்கு. நாளைக்கு வாரோம், தூங்கு.”