வெள்ளைச் சுவர் மஞ்சளான நாள்

அக்கா,

இன்று காலை பேத்தி என் அறைச் சன்னலுக்கு மஞ்சள் திரை மாட்டினாள். வெயில் பட்டதும் சுவரெல்லாம் மஞ்சள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. கழற்றச் சொல்லிவிட்டு, வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். நீ தாம்பரத்தில் பெண்கள் பள்ளி ஒன்றில் விளையாட்டு டீச்சர். மைதானத்தில் நீ விசில் ஊதினால் ஸ்டேஷன்வரை கேட்கும் என்பார்கள். அந்த நெஞ்சில்தான் புற்றுநோய் வந்தது. ஒரு பக்க நுரையீரலையே எடுத்தாக வேண்டும் என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும், ஆபரேஷனுக்குச் சில நாள் முன்பே டாக்டர் இதயத்துக்கு ஒரு மாத்திரை கொடுக்கத் தொடங்கினார். உனக்குக் கோபம்.

"என் ஹார்ட் நல்லாத்தானே இருக்கு டாக்டர்?"

"நல்லாத்தாம்மா இருக்கு. நுரையீரலை எடுத்தப்புறம் சில பேருக்கு அது தாறுமாறா துடிக்க ஆரம்பிச்சிடும். வந்தப்புறம் அடக்குறது கஷ்டம். அதான் முன்கூட்டியே."

முணுமுணுத்தபடி விழுங்கினாய். பிறகு சாப்பாட்டை ஒதுக்கினாய். நான் கொண்டுவந்த இட்லியைப் பார்த்தாலே குமட்டியது. பயம்தான் காரணம் என்று நினைத்தேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் கேட்டாய்: "ஏன்டா, இந்தச் சுவத்துக்கு எப்ப மஞ்ச பெயின்ட் அடிச்சாங்க?"

அது வெள்ளைச் சுவர்.

என் முகத்தைப் பார்த்ததும் உனக்குப் புரிந்துவிட்டது. "டாக்டர்கிட்ட சொல்லிடாத. தள்ளிப் போட்டுடுவாங்க. இன்னொரு தடவை எனக்குத் தைரியம் வராது."

வராந்தாவில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் அலைந்தேன். பிறகு போய்ச் சொன்னேன்.

டாக்டர் விரைந்து வந்து உன் நாடியைப் பிடித்தார். "மருந்து உடம்புல அதிகமாயிடுச்சு. குமட்டுறதும் மஞ்சளாத் தெரியறதும் அதனாலதான். எது வரக்கூடாதுன்னு குடுத்தேனோ, அதை இதுவே கொண்டுவந்துடும்," என்றார். மாத்திரை நின்றது. ஆபரேஷனும் தள்ளிப்போனது. நீ என்னுடன் பேசவில்லை.

பிறகு, அளவைக் குறைத்துக் கொடுத்து, ஆபரேஷன் நடந்தது. நர்ஸ் நாடி பார்க்கும்போதெல்லாம் நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். உன் இதயம் தடுமாறவில்லை. செம்பாக்கம் வீட்டுக்கு வந்தாய். நோய் திரும்பி வந்து உன்னைக் கொண்டுபோகும்வரை சில வருடங்கள் நமக்குக் கிடைத்தன.

அதில் ஒரு பொங்கல் சமயம். பெருங்களத்தூரில் கூட்டத்தைத் தாண்டிப் போய் பஸ் நின்றது. நீ ஓடினாய். "அக்கா, மெதுவா!" என்று கத்திக்கொண்டே பின்னால் வந்தேன். படியில் ஏறிக் கை நீட்டினாய்.

"வாடா! மூச்சு வாங்க வேண்டியவ நான். உனக்கென்ன?"

அன்று நீ இழுத்த இழுப்பு இன்னும் என் தோளில் இருக்கிறது.